அல்சூர் ஏரியும் ஓர் அருமை நண்பரும்

பிறந்த ஊருக்குப் பிரயாணம் என்றால் யாருக்கும் உள்ளம் சற்றுத் துள்ளவே செய்யும். மும்பையில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், ரயில் யலஹங்காவைக் கடந்து பெங்களூரின் குளிர்காற்று முகத்தில் படும்போதெல்லாம் நாம் சன்னலோரம் நகர்ந்து உட்காருவது வழக்கம். ஏனெனில், நிலையத்துக்கு வெளியே ஒருவர் நமக்காகக் காத்து நிற்பார். நம்மைக் கண்டதும் கையை உயர்த்தி, “பாரோ!” என்று கூவுவார். நம் மொழியில் “வாடா!” என்பதற்குக் கன்னடத்தார் அப்படிச் சொல்வர். இந்த வயதில் நம்மை அவ்வாறு ஒருமையில் அழைக்க உலகில் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே.

சென்ற மார்கழியில் நாம் சென்றபோது அந்தக் குரல் கேட்கவில்லை. நாற்பது நாட்களுக்கு முன்பு ஒரு காலை வேளையில் அவர் மறைந்த செய்தி தொலைபேசியில் வந்தது. அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாம் போய்ச் சேர இயலவில்லை. பின்னர்ப் புறப்பட்ட இந்தப் பிரயாணத்தைப் பற்றித்தான் அன்பர்களுக்கு எழுத எண்ணினோம். ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில், இத்தகைய ஒரு நண்பரைத் தொலைவில் வைத்திருப்போர் பலர் என்பது நமக்குத் தெரியும்.

எங்கள் இருவருக்கும் பொதுவான இடம் அல்சூர். நகரத்தாரின் வழக்கில் அது ஹலசூரு. பெங்களூர் ஒரு காலத்தில் இரண்டு ஊர்களாக இருந்ததென்பதை இளைஞர் பலர் அறியார். மைசூர் மன்னரின் ஆட்சிக்குட்பட்ட பழைய பேட்டை ஒன்று. ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த படைவீட்டு நகரம், அதாவது கண்டோன்மெண்ட், மற்றொன்று. இடையே கப்பன் பூங்கா விரிந்து கிடந்தது. படையோடும் படையினருக்கு வேண்டிய தொழில்களோடும் வந்த தமிழர் கண்டோன்மெண்ட் பக்கத்தில் குடியேறினர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தபின் அவர்கள் தொகை மேலும் பெருகியது. நம் பாட்டனாரும் அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர். 1949-இல் இரண்டு ஊர்களும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. 2014-இல் ஊரின் பெயரும் பெங்களூரு என்று மாறிற்று. பழைய பழக்கத்தால் நம் பேனா இன்னும் பெங்களூர் என்றே எழுதுகிறது, அன்பர்கள் பொறுத்தருள்க.

1961-ஆம் ஆண்டு ஒரு தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில் நாம் அவரை முதன்முதலாகக் கண்டோம். பேட்டைப் பக்கத்திலிருந்து அப்போதுதான் அல்சூருக்குக் குடிவந்த கன்னடக் குடும்பத்தின் பிள்ளை அவர். அவருக்குத் தமிழ் தெரியாது. நமக்குக் கன்னடம் தெரியாது. அன்று நம் சிலேட்டுக்குப் பலப்பம் கொண்டுவர மறந்துவிட்டோம். அருகிலிருந்த அவரிடம் வெறுங்கையைக் காட்டி, “பலப்பம்” என்றோம். அவர் முகம் மலர்ந்து, “பளப!” என்றார். தம் பலப்பத்தை வாயில் வைத்துப் பல்லால் இரண்டாகக் கடித்து, ஈரமான ஒரு துண்டை நம்மிடம் நீட்டினார். இரு மொழிகளுக்கும் இடையே அன்று எங்களுக்கு அகப்பட்ட முதற்சொல் அதுதான்.

அதற்குப்பின் மற்றச் சொற்கள் தாமாக வந்தன. எம்.ஜி.ஆர். படங்களைப் பார்த்து அவர் தமிழ் கற்றார். ராஜ்குமார் படங்களைப் பார்த்து நாம் கன்னடம் கற்றோம். அவர் இல்லத்து ராகி முத்தையை மெல்லாமல் விழுங்க வேண்டுமென்று அவருடைய தாயார் நமக்குக் கற்பித்தார். நம் தாயாரின் புளிக்குழம்புக்காக அவர் ஞாயிறு தவறாமல் வந்தார். மாலை வேளைகளில் இருவரும் ஏரிக்கரையில் அலைந்தோம்.

அந்த ஏரிக்கரைக்குத்தான் இம்முறை முதலிற் சென்றோம். 120 ஏக்கருக்குக் குறையாத அந்நீர்ப்பரப்பும், நடுவேயுள்ள சிறு தீவுகளும், அப்பால் மதராஸ் சாப்பர்ஸ் படையினரின் இருப்பிடமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கரையைச் சுற்றி இப்போது கம்பி வேலி. நாங்கள் இறங்கி விளையாடிய சரிவுகளில் கற்சுவர். அருகே 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். சங்கத்திலிருந்து சிறிது தொலைவில் திருவள்ளுவர் சிலை.

இந்தச் சிலையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1991-இல் நிறுவப்பட்டும் அது திறக்கப்படவில்லை. எதிர்ப்பின் காரணமாகப் 18 ஆண்டுகள் மூடிய நிலையிலேயே நின்றது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் தமிழக முதல்வர் கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். சில நாட்களில் கன்னடக் கவி சர்வஜ்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. பெங்களூரில் திறப்புவிழா நடந்த அன்று இரவு நண்பர் நமக்குத் தொலைபேசியில், “உன் தாத்தாவின் முகத்திரையை எடுத்துவிட்டார்கள். பாவம், இத்தனை நாள் மூச்சு முட்டியிருக்கும்!” என்று சிரித்தார்.

அவர் சிரித்தார்; நம்மால் உடனே சிரிக்க இயலவில்லை. சிலை மூடப்பட்டிருந்த அந்த 1991-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நம் நினைவுக்கு வந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளிவந்ததையொட்டிப் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை மூண்டது, உயிர்கள் மாண்டன, பலர் ஊரைவிட்டு வெளியேறினர். நாம் மனைவி மக்களுடன் கதவைச் சார்த்திக்கொண்டு உள்ளே இருந்தோம். அப்போது நண்பர் மல்லேசுவரத்தில் குடியிருந்தார். தம் ஸ்கூட்டரில் எவ்வாறோ வந்து சேர்ந்தார். உள்ளே வரும்படி அழைத்தும் வரவில்லை. சாய்வு நாற்காலி ஒன்றை வாங்கி நம் வாயிற்படியில் போட்டுக்கொண்டு, ஒரு கன்னடப் பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். இரண்டு பகலும் இரண்டு இரவும் அங்கேயே இருந்தார். தெருவில் வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், பத்திரிகையைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். மூன்றாம் நாள் காலையில், “ஒரே பத்திரிகையை எத்தனை முறை படிப்பது? விளம்பரம்கூட மனப்பாடம் ஆகிவிட்டது” என்று சொல்லிக் காப்பி கேட்டார். அதன்பின் வாழ்நாளில் ஒருமுறையேனும் அவர் அதைப்பற்றிப் பேசியதில்லை. நாமும் நன்றி கூறவில்லை. கூறியிருந்தால் நிச்சயமாகக் கோபித்துக்கொண்டிருப்பார்.

வள்ளுவர் சிலையின்முன் நின்றபோது இதெல்லாம் மனத்தில் ஓடிற்று. நட்பைப்பற்றி ஐந்து அதிகாரங்களைத் தொடர்ந்து வைத்த அப்பெருமான், அவற்றுள் ஒன்றுக்குப் ‘பழைமை’ என்று பெயரிட்டார். நெடுநாட் பழகிய நட்பிற்கென்று தனியாக ஓர் அதிகாரம் வேண்டுமென அவர் கருதியதன் பொருள் இந்த வயதில்தான் நமக்கு விளங்குகிறது.

ஏரியை ஒருமுறை முழுதும் சுற்றி நடக்கவேண்டும், பிறகு நாம் படித்த கல்லூரிக்குப் போகவேண்டும் என்பது நண்பரின் கடைசி ஆண்டுகளின் ஆசை. மூன்று பொங்கலுக்கும் தொடர்ந்து அதைச் சொன்னார். மூன்று முறையும் நாம், “அடுத்த ஆண்டு ஆகட்டும்” என்றோம். பேத்தியின் தேர்வு, முழங்கால் வலி, வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று நம்மிடம் காரணங்களுக்குக் குறைவில்லை. இம்முறை ஏரியைத் தனியே சுற்றினோம். அவர் இருந்தால் பேசிக்கொண்டே நடந்திருப்போம், களைப்புத் தெரிந்திராது. தனியே நடந்தபோது நான்கு இடங்களில் உட்கார வேண்டியிருந்தது.

ஏரியைச் சுற்றிய பின் மெட்ரோ ரயிலில் ஏறினோம். கல்லூரிக்கு இறங்கவேண்டிய நிலையத்துக்குச் ‘சர் எம். விசுவேசுவரய்யா நிலையம், சென்ட்ரல் காலேஜ்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பொருத்தமான பெயர், பொறியியல் மேதை விசுவேசுவரய்யா 1881-இல் அங்கேதான் பி.ஏ. பட்டம் பெற்றார். 1858-இல் உயர்நிலைப் பள்ளியாகத் தொடங்கி, 1875-இல் சென்ட்ரல் காலேஜ் ஆன அந்தக் கல்விக்கூடம், மைசூர்ப் பல்கலைக் கழகம் 1916-இல் தோன்றும்வரை சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருந்தது. கூரிய வளைவுகளும் மணிக்கூண்டும் உடைய அக்கற்கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. கல்லூரி இப்போது ஒரு பல்கலைக் கழகத்தின் இருப்பிடமாகிவிட்டது.

இந்த வளாகத்தில் 1890-களின் தொடக்கத்தில் இரண்டு சிறுவர்கள் சந்தித்தனர். ஒருவர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளி கிராமத்து முன்சீப்பின் மகன், தமிழர்; பெயர் ராஜகோபாலாச்சாரி. மற்றவர் அவரினும் ஏறத்தாழ ஒரு வயது மூத்தவர், மைசூர் நாட்டினர். பெயர் நவரத்ன ராமராவ். தொரப்பள்ளிச் சிறுவர் 1891-இல் மெட்ரிகுலேஷன் தேறிக் கல்லூரிக்கு வந்தபோது அவருக்கு 13 வயதுகூட நிறையவில்லை. ஊரில் மின்விளக்கு ஏற்றப்பட்டது 1905-இல்தான்; எனவே அவர்கள் எண்ணெய் விளக்கில் படித்தவர்கள். ஆங்கில இலக்கியம் கற்பித்தவர் ஸ்காட்லாந்து நாட்டினரான ஜான் கத்ரி டெயிட் என்னும் பேராசிரியர். ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய பிறகு, சர் வால்டர் ஸ்காட்டின் நாட்குறிப்பைப் பதிப்பித்துப் புகழ் பெற்றவர் அவர்.

1894-இல் ராஜகோபாலாச்சாரியார் பட்டம் பெற்றார். பின்னர் இருவரின் பாதைகளும் பிரிந்தன. அவர் சென்னையில் சட்டம் பயின்று 1900-இல் சேலத்தில் வக்கீலானார், காந்தியடிகளைப் பின்பற்றினார், 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை புகுந்தார். ராமராவோ மைசூர் அரசாங்கத்தில் அமில்தாராகவும் பிற பொறுப்புகளிலும் பணியாற்றினார். ஒருவர் அரசாங்கத்தை எதிர்த்துச் சிறைக்குச் செல்கிறார். மற்றவர் அரசாங்க உத்தியோகஸ்தர். நட்பு முறிந்துபோவதற்கு உலகில் இதனினும் சிறிய காரணங்கள் போதும். ஆனால் அவர்கள் நட்பு முறியவில்லை. 1927-இல் காந்தியடிகள் நோயுற்று நந்தி மலையிலும், பின்னர்ப் பெங்களூர்க் குமாரா பார்க்கிலும் தங்கி உடல் தேறியபோது, அவரை உடனிருந்து பேணியவர்களுள் ராஜாஜியும் ஒருவர். சிறுவராய் வந்து படித்த ஊருக்கு அவ்வாறு அவர் திரும்பவும் வந்தார்.

பிற்காலத்தில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானார். பதவிகள் வந்தன, போயின. பழைய நண்பர் பழைய நண்பராகவே இருந்தார். தமிழில் எழுதிய மகாபாரதக் கதைகளை ராஜாஜி ஆங்கிலத்தில் 1951-இல் வெளியிட்டபோது, அந்த ஆங்கில உருவத்திற்கு உதவியவர்களுள் ராமராவும் ஒருவர். எண்ணெய் விளக்கில் ஒன்றாக ஆங்கிலம் படித்தவர்கள் எழுபது வயதைக் கடந்தபின் மீண்டும் ஒரே ஆங்கிலப் பிரதியின்மீது குனிந்தார்கள் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. ராமராவ் கன்னடத்தில் ‘கெலவு நெனபுகளு’, அதாவது ‘சில நினைவுகள்’ என்று ஒரு நூலும் எழுதினார். அமில்தாராய் ஊரூராகச் சென்ற காலத்து மனிதர்களையும் நிகழ்ச்சிகளையும் அவர் அதில் பதிந்து வைத்தார்.

1954-இல் ராஜாஜி ரசிகமணி டி.கே.சி.யை இழந்தார், அவ்வாண்டின் இறுதியில் கல்கியையும் இழந்தார். 1960-இல் ராமராவும் மறைந்தார். முன்னவர் இருவரும் ராஜாஜி பெரியவரான பின் வாய்த்த நண்பர்கள். ராமராவ் ஒருவரே அவரை மீசை முளைக்காத சிறுவனாகக் கண்டவர். நாடு முழுதும் ‘ராஜாஜி’ என்று அறிந்த பெருமகனுக்குள் தொரப்பள்ளிச் சிறுவன் இருந்தானென்பதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சாட்சியாய் இருந்தவர் அவர். அதன்பின் ராஜாஜி 12 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இவர்களைப்பற்றி நாம் அறிந்ததே நண்பரின் பாட்டனாரால்தான். 1972 டிசம்பர் 25-ஆம் நாள் ராஜாஜி மறைந்தபோது நாங்கள் இருவரும் சென்ட்ரல் காலேஜில் முதலாண்டு மாணவர்கள். மறுநாள் பத்திரிகையைப் படித்த பாட்டனார், தம் அலமாரியிலிருந்து ராமராவின் நூலை எடுத்துக் காட்டி, “நீங்கள் படிக்கும் இடத்தில்தான் இவர்களும் படித்தார்கள். உங்களைப் போல ஒரு தமிழன், ஒரு மைசூரான்” என்றார். அன்று முதல் நண்பர் நம்மை ‘ஆச்சாரியாரே’ என்று பரிகாசமாக அழைக்கலானார். தாம் ராமராவ் என்றார்.

அந்தப் பரிகாசம் ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. சென்ற ஆண்டு பொங்கலன்று தொலைபேசியில் பேசுகையில் அவர் சொன்னார்: “ஆச்சாரியாரே, கணக்குப்படி ராமராவ் முதலில் போகவேண்டும். உனக்கு அப்புறம் 12 வருஷம் பாக்கி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்?” நாம் “வாயை மூடு” என்று அதட்டினோம். அவர் சிரித்தார். கல்லூரியின் மணிக்கூண்டின்கீழ் நின்றபோது அந்தக் கேள்வி மீண்டும் நம் காதில் விழுந்தது. நம்மிடம் அப்போதும் விடையில்லை.

மாலையில் மல்லேசுவரத்துக்குச் சென்றோம். சம்பிகே சாலை நிலையத்தில் இறங்கி நடந்தால் நண்பரின் வீடு தொலைவில்லை. 1898-இல் பிளேக் நோய் நகரத்தைச் சூறையாடியபின் மக்கள் நெருக்கம் தவிர்க்கப் பெருகிய பேட்டை அது. அகன்ற தெருக்களும் பழைய வீடுகள் சிலவும் இன்னும் இருக்கின்றன.

நண்பரின் மனைவியார் நம்மைக் கண்டதும் எழுந்து நின்றார்; அழவில்லை. காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். துக்கம் விசாரிக்க நாம் பல சொற்களைச் சேர்த்து வைத்திருந்தோம். அவர் அதற்கு இடமளிக்கவில்லை. கன்னடம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: “அண்ணா, நாற்பது வருஷம் அவரோடு இருந்தேன். ஆனால் அவர் பையனாக இருந்ததை நான் பார்க்கவில்லை. மாமியார் போய்விட்டார், நாத்தனாரும் போய்விட்டார். இனிமேல் அதைச் சொல்ல நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.”

நாம் திடுக்கிட்டோம். இந்த நாற்பது நாட்களும் நம் இழப்பையே எண்ணிக் கொண்டிருந்தோம். நம் பிள்ளைப்பருவத்தைக் கண்டவர் போய்விட்டார், நம்மை ‘பாரோ’ என்று அழைக்க ஆளில்லை, நம் ஊரே நமக்கு அந்நியமாகிவிட்டது என்றெல்லாம் வருந்தினோம். அவருடைய பிள்ளைப்பருவம் முழுவதும் நம் கையில் இருக்கிறதென்பது நமக்குத் தோன்றவேயில்லை. இவ்வம்மையார் சொல்லித்தான் தெரிந்தது.

அதற்குள் பத்து வயதுப் பேத்தி வந்து பாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “தாத்தா என்னைப்போல் சின்னவராக இருந்தபோது எப்படி இருந்தார்?” என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. நம் கன்னடமும் முப்பதாண்டுத் துரு ஏறியது. ஆயினும் பலப்பத்தின் கதையிலிருந்து தொடங்கினோம். “பல்லால் கடித்தா?” என்று முகத்தைச் சுளித்தாள். “ஆம், அந்த ஈரத்துண்டை வைத்துத்தான் உன் தாத்தாவின் பெயரை முதன்முதலில் எழுதினேன்” என்றோம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மையாரும் சிரித்தார்; சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு ராகி முத்தை, எம்.ஜி.ஆர். படங்கள், ஏரிக்கரை எல்லாவற்றையும் சொன்னோம். 1991-இல் நம் வாயிற்படியில் அவர் உட்கார்ந்திருந்ததையும் சொன்னோம். அந்த வீட்டில் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அலுவலக வேலையாக வெளியூர் சென்றதாகச் சொல்லிவிட்டு அவர் வந்திருக்கிறார். அம்மையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அதனால்தான் அந்த வாரம் சட்டை அவ்வளவு அழுக்காக இருந்தது” என்றார்.

விடைபெறும்போது இரவு ஒன்பது மணி. “மறுபடி எப்போது வருவீர்கள், தாத்தா?” என்று குழந்தை கேட்டாள். “அடுத்த ஆண்டு” என்று சொல்ல வாய் திறந்தோம்; நிறுத்திக்கொண்டோம். “சித்திரையில்” என்றோம். ஊர் திரும்பிய மறுநாளே டிக்கெட்டும் வாங்கிவிட்டோம்.

அன்பர்களே, பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். நம் வீடுகளை விற்றுவிட்டோம். பள்ளிக்கூடங்கள் இடிந்து புதிதாகிவிட்டன. தெருக்களின் பெயர்களும் மாறிவிட்டன. நமக்கு ஊராக எஞ்சியிருப்போர் நம்மைச் சிறுவயதில் கண்ட சிலரே. அவர்களுள் ஒருவரேனும் உயிரோடிருந்தால், பொங்கல் வரையிலும் காத்திராமல் இந்த வாரமே சென்று பாருங்கள்; இயலாவிடில் கடிதமேனும் எழுதுங்கள். அவர்கள் மறைந்துவிட்டிருந்தால், அவர்களுடைய பேரன் பேத்திகளைத் தேடிச் சென்று, உங்களுக்குத் தெரிந்த அந்தச் சிறுவனைப் பற்றியோ சிறுமியைப் பற்றியோ சொல்லுங்கள். உங்களைத் தவிர வேறெவராலும் அதைச் சொல்ல இயலாது.

நண்பரின் கணக்குச் சரியாக இருக்குமானால் நமக்கு இன்னும் 12 ஆண்டுகள் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று அவர் கேட்டார். சித்திரையில் அந்தக் குழந்தையை அழைத்துக்கொண்டு அல்சூர் ஏரியை ஒருமுறை சுற்றிவரப் போகிறோம்.